வெந்நீர் ஆறுவதற்குள்

பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தாள் கோகிலா. சூடு கூட. இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் விளாவ வேண்டும், அல்லது கொஞ்சம் ஆற விட வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிற ரெஹெமாவாக இருந்தால் முழங்கையை விட்டுத்தான் பார்ப்பாள். சமைக்கிறவள் விரலுக்குச் சொரணை செத்துப்போயிருக்கும் என்று விருதுநகரிலிருந்து அம்மா வாட்ஸப்பில் ஒரு தடவை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவள் அவள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவளுக்குத் தமிழ் வராது, இருந்தும் இரண்டு பேரும் போனை ஷாம்பு பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, குழந்தையின் மூக்கை எப்படி நீவுவது, தொடை இடுக்கில் எப்படி எண்ணெய் விடுவது என்று ஒரு மாதம் பாடம் நடத்தினார்கள். பெற்றவள் கதவோரம் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது பெற்றவள்தான் உட்கார வேண்டும். நைட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டி, எட்டு மாத ஆதிரையை இரண்டு கால்களுக்கும் நடுவில் கிடத்தி, உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாயிற்று. தலை, நெற்றி, மூக்கு, இந்தக் கன்னம். அந்தக் கன்னத்துக்கு வரும்போது கை நின்றுவிடுகிறது. வலது கன்னத்தில், திருஷ்டிப் பொட்டு வைக்கிற அதே இடத்தில், ஒரு மிளகு அளவுக்கு அந்தக் கறுப்பு. தேங்காய் எண்ணெயில் போகவில்லை. பயத்தமாவில் போகவில்லை. நேற்று எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்ததில் சுற்றிலும் சிவந்ததுதான் மிச்சம், பொட்டு கம்மென்று உட்கார்ந்திருக்கிறது. தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அழியாத மை விற்கிறவனுடைய பெண்டாட்டிக்கு இது தெரியாமல் இருக்குமா? அது அழியாது என்பதற்காகத்தானே நாடு நாடாக விற்கிறார்கள், அதற்காகத்தானே விமானம் ஏறி இந்த ஊருக்கு வந்தது, குழந்தை பெற்றது, எல்லாம்.

ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே ரவுண்டானாவின் சத்தம் வந்தது. இன்றைக்கு வண்டிகள் கொஞ்சம் ஓடுகின்றன போலிருக்கிறது. விசில் இல்லை. விசில் இல்லாதவரைக்கும் சரி. பச்சைச் சட்டைக்காரர்கள் யாரையாவது நிறுத்தினால் ஒரு தடவை ஊதுவார்கள். விட்டுவிட்டால் அதோடு சரி, அப்புறம் ஒன்றும் கேட்காது. விடவில்லையென்றால் இன்னொரு தடவை ஊதுவார்கள், நீளமாக. ஆளை ஏற்றிக்கொண்டு போக மரத்தடியில் நிற்கிற லாரியைக் கூப்பிடுகிற ஊதல் அது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் கற்றுக்கொண்ட பாஷை இது. இந்த ஊர் பாஷையில் நன்றி சொல்லவும் காய்கறி பேரம் பேசவும் ஒரு வருஷம் பிடித்தது, இதைக் கற்க ஒரே பகல் போதும். ஒரு ஊதல், இரண்டாவது ஊதல். பச்சைச் சட்டைக்காரர்கள் என்றால் போலீஸ் இல்லை, ஆளுங்கட்சியின் இளைஞர் அணி. ரெஹெமாவுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும். "எங்க இளைஞர் அணித் தலைவருக்கு ஐம்பத்தெட்டு வயசு, மாமா ஆதிரை. முட்டி வலின்னு மேடையில நாற்காலி போட்டுத்தான் புரட்சி பண்ணுவார்." எங்க ஊர்லயும் அப்படித்தான் என்று கோகிலாவும் சிரித்தாள். மாமா ஆதிரை என்றால் ஆதிரையின் அம்மா. இங்கே பிள்ளை பெற்றவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், தலைச்சன் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அது மரியாதை. முதல் தடவை ரெஹெமா அப்படிக் கூப்பிட்டபோது, எங்கள் ஊரில் மாமா என்றால் மீசை வைத்த ஆள் என்று கோகிலா சொல்லப்போக, அன்று முழுக்க அவள் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டிக்கொண்டே தரை துடைத்தாள். அவளும் ஒரு மாமாதான். மாமா தாவுதி. தாவுதிக்கு மூன்று வயது, அவள் அம்மாவிடம் வளர்கிறான். ஆசிரியர் பயிற்சிப் பட்டம் வாங்கி மூன்று வருஷமாக வேலைக்குக் காத்திருக்கிற பெண், தன் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்து இவள் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். கோகிலா போட்ட விளம்பரத்தில் சுத்தம், பொறுமை, ஆங்கிலம் என்று மூன்று கேட்டிருந்தாள். மூன்றும் இருந்தது. நாலாவதாக ஒன்று இருந்தது, அதை அவள் கேட்கவில்லை, வாய். பெரியவர் என்றுதான் ஜனாதிபதியை எல்லோரும் சொல்வார்கள், பெயர் சொல்வதில்லை. ரெஹெமா பிறப்பதற்கு முன்னாலிருந்து அவர்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர், பால் பாக்கெட்டில் அவர், ஆஸ்பத்திரிச் சுவரில் அவர், ஆனால் ஆஸ்பத்திரிக்குள் மருந்து கிடையாது, அவருக்கே உடம்புக்கு வந்தால் விமானம் ஏறி வேறு தேசத்துக்குப் போய்விடுவார். "எங்க நாட்டுல மூணுல ரெண்டு பேரு அவரைத் தவிர வேற முகத்தைப் பார்க்காமலே வளர்ந்தவங்க. மாப்பிள்ளையைப் பார்க்காமலே கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி." இப்படியெல்லாம் பேசாதே, சுவருக்குக் காது உண்டு என்று கோகிலா அடக்குவாள். சுவருக்கு இருக்கட்டும், அவருக்குக் காது கேட்கிறதா என்று அவள் கேட்பாள்.

ஆதிரை காலை உதைத்தாள். எண்ணெய்க் கால் வழுக்கிக் கோகிலாவின் முழங்காலில் இடித்தது. கையை விரித்து விரித்து மூடுகிற வயது, எதையோ பிடிக்கப் பார்க்கிறது. விரல். எத்தனை பேர் விரலைக் காட்டி நின்றிருக்கிறார்கள். விருதுநகர் கான்வென்டில் திங்கட்கிழமை ஜெபம் முடிந்ததும் இரண்டு கையையும் முன்னால் நீட்ட வேண்டும், சிஸ்டர் பெலிசிட்டா அடிக்கோலோடு வரிசை வரிசையாக வருவார். நகம், நகப்பூச்சு, மருதாணி. சித்தி கல்யாணத்துக்கு வைத்த மருதாணி, ஏழாம் வகுப்பு, விரல் நுனியெல்லாம் செக்கச்செவேலென்று தொப்பி போட்ட மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாடித் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தாள், தோல்தான் போயிற்று, சிவப்பு போகவில்லை, எது மருதாணி எது ரத்தம் என்று தெரியாமல் ஒரு கலவையாகி, மறுநாள் சிஸ்டர் அதைப் பார்த்து அடிக்கவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டார், அது அடியைவிட மோசமாக இருந்தது. கிளாஸ் லீடர் என்று ஒருத்தி இருப்பாள். லீடர் வேலை, டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. அவ்வளவுதான். பத்து வருஷப் பள்ளிக்கூடத்தில் தலைமை என்று அவள் பார்த்தது அது ஒன்றுதான், சாக்பீஸ் கையில் வைத்துக்கொண்டு யார் வாய் அசைகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பது. இதை ஒரு நாள் ரெஹெமாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவே இல்லை. "அப்போ உங்க கான்வென்டுல இருந்துதான் எங்க பெரியவர் படிச்சுட்டு வந்திருக்கார்" என்றாள்.

எதிர்த்து நின்றவர்களையெல்லாம் ஏதோ ஒரு வழக்கில் உள்ளே போட்டுவிட்டுப் பெரியவர் வைத்த தேர்தல் இது. அதனால் பையன்களும் பெண்களும் ஓட்டே போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஊர்வலம் போனால் சுடுகிறார்கள், பலகை தூக்கினால் பிடிக்கிறார்கள், ஆகவே அவர்கள் செய்ததெல்லாம் விரலைத் தூக்கிக் காட்டியதுதான், மை வைக்காத சுட்டுவிரல். பஸ்ஸில், சந்தையில், சர்ச் வாசலில், யாரும் ஒன்றும் சொல்லாமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சுத்த விரல் என்று அதற்குப் பெயர். எவ்வளவு எளிமையாக இருந்தது அது, எவ்வளவு அழகாகக்கூட இருந்தது, இந்த பால்கனியிலிருந்து பார்த்தால். அழகாக இருந்ததெல்லாம் ஓட்டுப் பதிவு முடிகிறவரைதான். முடிந்த அன்றைக்கே பச்சைச் சட்டைகள் சந்திப்புகளில் நின்று விரலைப் பார்க்க ஆரம்பித்தார்கள், மை இல்லாதவன் துரோகி. அன்று ஆதிரைக்குக் காய்ச்சல். போகாதே, எனக்குப் பயமாக இருக்கிறது, இவரும் கிடங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கோகிலாதான் ரெஹெமாவை நிறுத்தி வைத்தாள். இவர் என்றால் தணிகைவேல், தேர்தல் ஆணையத்துக்கு மையும் பெட்டியும் முத்திரையும் கொடுக்கிற கம்பெனிக்கு இந்த நாட்டுப் பிரதிநிதி. பிரதிநிதி என்றால் கிடங்கைச் சுற்றி ராணுவம் நிற்க, உள்ளே மேஜைமேல் படுத்துத் தூங்குகிற உத்தியோகம். இன்டர்நெட்டை வெட்டிவிட்டார்கள், போன் மட்டும் வந்தும் வராமலும். சனிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் விட்டது, ரெஹெமா செருப்பை மாட்டினாள். தாவுதியைப் பார்த்து நாலு நாளாகிவிட்டது, நீ உன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய், என் பிள்ளை என் முகத்தை மறந்துவிடுவான் என்றாள். கோகிலா கூடவே கேட் வரைக்கும் இறங்கிப் போனாள். காவலாளி ஜூமா கேட்டைத் திறக்காமல் நின்றார். "மகளே, இப்போதான் ஒருத்தனை லாரியில ஏத்தினாங்க. விரலைக் காட்டுன்னாங்க, காட்டினான்." ரெஹெமா தன் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள், எங்கிருந்தோ வந்த ஒரு சாமானைப் பார்ப்பதுபோல.

அங்கேதான். அந்த இடத்துக்குத்தான் மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறது, மாடு கட்டின முளையைச் சுற்றுகிற மாதிரி. கோகிலா படியேறி ஓடினாள். அலமாரியின் மேல்தட்டில் தணிகைவேலின் சாம்பிள் பெட்டி, பஞ்சு வைத்து அடுக்கிய குட்டிக் குட்டி மை பாட்டில்கள். ஒன்று போதும் ஒரு வாக்குச்சாவடிக்கே, இவர் பெருமையாகச் சொல்வார். ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். வேண்டாம் என்றாள் ரெஹெமா. முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "மூணு மாசமா இந்த விரலைத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், இப்போ நீயே எனக்கு ஓட்டுப் போட்டு விடறியா?" அப்புறம் சிரிக்காமல் சொன்னாள், வேண்டாம், வீட்டுக்குப் போற வழி உனக்குத் தெரியாது. அந்த வார்த்தையைக் கோகிலா கேட்டாள். காதால் கேட்டாள். ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ரவுண்டானாதான், அந்த லாரிதான். அடம்பிடிக்கிற குழந்தையின் கையைப் பிடிக்கிற மாதிரி அவள் கையைப் பிடித்து இழுத்து, நகத்திலிருந்து கீழ்க் கணு வரைக்கும் ஒரு கோடு போட்டுவிட்டாள். ஊதா நிறமாக இருந்தது. வெளிச்சம் படப்படக் கறுக்கும். ரெஹெமா எதுவும் பேசாமல் விரலைக் காற்றில் பிடித்துக்கொண்டு நடந்தாள். பால்கனியிலிருந்து கோகிலா பார்த்தாள், நிறுத்தினார்கள், ஊதினார்கள், அவள் விரலை நீட்டினாள், ஒருத்தன் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தான், விட்டுவிட்டார்கள். இரண்டாவது ஊதல் இல்லை. முருகா. கான்வென்ட் ஜெபம் வாய்க்குள் பாதி ஓடி நின்றது. அவ்வளவு நிம்மதி. நிம்மதியோடு உள்ளே வந்து, தூக்கம் கலைந்து அழுத குழந்தையை எடுத்து, சமாதானம் சொல்லிக் கன்னத்தைத் தட்டிக் கொடுத்திருக்கிறாள், மோதிர விரலால், அந்த விரலில் மை ஈரம் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வெயிலில் பொட்டு முளைத்தது. நான்தான் வைத்தேனா, நான் வைக்கவில்லையே, வீட்டில் ரெஹெமாவும் இல்லையே என்று கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாத யாரோ வந்து போனதாகவே நம்பினாள். தினமும் குளிப்பாட்டி மைப்பொட்டு வைக்கும்போது ரெஹெமா சொல்கிற கேலி, "உன் பொண்ணு பிறந்ததும் ஓட்டுப் போட்டுட்டா, எங்க ஆளுக்கெல்லாம் பதினெட்டு ஆகணும்." அந்தக் கேலி காதில் வந்தபோதுதான் தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் கறுப்பு.

அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஜூமா சொன்னார். சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் யாரோடோ பேசியது. பாலத்துக்கு அந்தப்பக்கம், தகரவீடுகள் இருக்கிற பக்கம், சுத்த விரல் பையன்கள் தடுப்புப் போட்டிருக்கிறார்களாம். அங்கேயும் விரல் பார்க்கிறார்களாம். அங்கே மை இருந்தால்தான் துரோகி. டயரைக் கொளுத்தி வைத்திருக்கிறார்களாம். கோகிலா அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. தகரப்பேட்டை என்று மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள், அவ்வளவுதான், ரெஹெமா சாயங்காலம் மறைந்து காலையில் முளைத்து வருகிற ஒரு இடம். அங்கே ஒரு பாலம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போற வழி உனக்குத் தெரியாது. போன் போட்டாள், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் இரண்டு மொழியில் சொன்னது. திரும்பப் போட்டாள். அந்தப் பெண்குரலுக்கு எந்த விரலிலும் ஒன்றும் இருக்காது, நிம்மதியான ஜென்மம். அப்புறம் தணிகைவேலின் அழைப்பு வந்தது, கிசுகிசுப்பாக. "கோகி, சாம்பிள் பெட்டி வீட்லதானே இருக்கு? கொட்டிடு. எல்லாத்தையும். வெளிநாட்டுக்காரன் வீட்ல மை இருந்துச்சுன்னா கள்ள ஓட்டு நாமதான் போட்டோம்னு சொல்லிடுவாங்க. ரெண்டு பக்கமும் சொல்லுவாங்க." "என்னங்க, ரெஹெமா..." "யாரு?" "ஆதிரையைப் பாத்துக்கற பொண்ணுங்க." "அத அப்புறம் பேசலாம்மா, முதல்ல கொட்டு." கொட்டினாள். பாட்டில் பாட்டிலாகக் கழிப்பறையில் கவிழ்த்தாள், தண்ணீர் விட்டாள், பாட்டில்களை உடைத்துத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டாள், கை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது. ஊதாவாகப் போனது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் வெள்ளைப் பீங்கான் உள்ளெல்லாம் கறுத்துக் கிடந்தது, ஏதோ விரல்களாலேயே கீறி வைத்த மாதிரி. இதோ இங்கிருந்தே தெரிகிறது, குளிக்கிற இடத்துக்கு நாலடி தள்ளி. மூடியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். மூடியிருந்தாலும் தெரிகிறது.

தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும். சளி பிடிக்கும். பிடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக ரவுண்டானாவைத் தாண்ட வேண்டும், தாண்டினால் குழந்தையின் கன்னத்தைப் பார்ப்பார்கள், பார்த்தால் என்ன, குழந்தை ஓட்டா போட்டது, சிரிப்பார்கள், சிரிக்கமாட்டார்கள், இந்த மை உன் வீட்டில் எப்படி என்பார்கள். மெதுவாக ஊற்று. முகத்தில் விழாமல் நெற்றியில் கையை அணை கட்டி ஊற்ற வேண்டும். ரெஹெமாவின் கை அப்படி ஒரு அணை. ஒரு சொட்டு கண்ணுக்குப் போகாது. அந்தக் கை இப்போது எங்கே. கேட்காதே. டயர் என்றாரே. டயரை எதற்குக் கொளுத்துகிறார்கள், புகைக்கு, புகைக்குத்தான், வேறு எதற்கும் இல்லை. சொம்பை எடுத்தபோது வாசல் மணி அடித்தது. ஒரு தடவைதான், குட்டியாக, உள்ளே குழந்தை இருக்கிறது என்று தெரிந்தவர் அடிக்கிற மணி.

எண்ணெய்க் குழந்தையைத் துண்டில் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு எப்படி வழுக்காமல் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள் என்று தெரியவில்லை. ரெஹெமாதான். உயிரோடு. முழுசாக. சட்டையெல்லாம் வாழைப்பட்டைக் கறை. வலது கையின் சுட்டுவிரலில் ஒரு துணிச் சுற்று, துணியின் நுனி பழுப்பாக ஊறியிருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி வாழைக்காய் லாரி மேல படுத்துக்கிட்டு வந்துட்டேன். சந்தையில ஒளிஞ்சிருந்து ஜூமா கேட்டைத் திறக்கற வரைக்கும் காத்திருந்தேன். தண்ணி கொடு."

குடித்தாள். முழுச் சொம்பும். ஆதிரை அவளைப் பார்த்ததும் துண்டுக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டது. ரெஹெமா இடது கையால் அதன் காலைப் பிடித்து ஆட்டினாள், கன்னத்தைப் பார்த்தாள், கோகிலாவைப் பார்த்தாள்.

"இதுவும் ஓட்டுப் போட்டுடுச்சா?"

"ரெஹெமா, எனக்குத் தெரியாது. பாலம் இருக்கறது எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரியாதுன்னுதானே சொன்னேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற மாதிரி. "பாலத்துக்கு அடியில உட்கார்ந்து கல்லுல தேய்ச்சேன். நான் மட்டும் இல்ல. அங்க ஒரு ஊரே உட்கார்ந்திருக்கு. எங்க பக்கம் போறவங்க மையைத் தேய்ச்சு எடுத்துக்கிட்டு இருக்காங்க. உங்க பக்கம் வேலைக்கு வரவேண்டியவங்க கரியும் ஷூ பாலிஷும் தடவிக்கிட்டு இருக்காங்க. பாலிஷ் வேலைக்கு ஆகாது, எச்சில் தொட்டா போயிடுது. ஒரு கிழவி, ரொட்டி விக்கறவ, காலையில தடவி சாயங்காலம் தேய்ச்சு, பாவம் விரல்ல தோலே இல்ல. அவதான் கேட்டா, எல்லாரும் ஒரே மாதிரி ஆயிட்டா இவனுங்க எதைப் பார்ப்பானுங்கன்னு."

கோகிலாவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. குளியலறைப் பக்கம் பார்க்காமல் குழந்தையைத் துண்டோடு இறுக்கிக்கொண்டாள்.

"எங்க பசங்ககிட்டப் பேசிட்டேன். தடுப்புல நிக்கறவனுங்ககிட்ட. ஏண்டா, பெரியவர் விரலை எண்றாரு, நீயும் விரலை எண்றே, உனக்கும் அவருக்கும் வயசைத் தவிர வேற என்ன வித்தியாசம்னு கேட்டேன். ஒருத்தன் அடிக்க வந்தான். இன்னொருத்தன் அவனைப் பிடிச்சான். ராத்திரியெல்லாம் பேசிக் கை தூக்கச் சொன்னோம். எல்லாரும் மை வச்சுக்கறதுன்னு முடிவு. தடுப்புல நிக்கறவன்ல இருந்து ரொட்டிக் கிழவி வரைக்கும். மை எல்லார் விரல்லயும் இருந்தா அது வெறும் அழுக்குதானே. யாரும் யாரையும் நிறுத்த முடியாது. இந்த வருஷம் நான் போட்ட ஓட்டு அது ஒண்ணுதான், மாமா ஆதிரை. யார் போய் மை கொண்டு வர்றதுன்னு கேட்டப்போ என்னைக் கை காட்டினாங்க. சிரிக்காதே, நான் இப்போ தலைவி." துணி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டினாள். கண்ணில் பழைய வாய் தெரிந்தது. "எங்கே அந்தப் பெட்டி?"

கோகிலா குளியலறைப் பக்கம் திரும்பி நடந்தாள், ரெஹெமா பின்னால் வந்தாள். மூடியைத் தூக்கிக் காட்டினாள். ரெஹெமா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் சுட்டுவிரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தது, இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.

"எல்லாமேவா?"

"அவர் சொன்னார். பயமா இருந்துச்சு. நீ வரமாட்டேன்னு... நீ செத்துட்டேன்னு நினைச்சேன்."

"போலே" என்றாள் ரெஹெமா. வருத்தப்படுகிறேன் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் சொல். தடுக்கி விழுந்தவரிடம் சொல்வார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் சொல்வார்கள். இப்போது யாருக்காகச் சொன்னாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"இங்கேயே இரு, ரெஹெமா. நாலு நாள். எல்லாம் அடங்கட்டும்."

"பாலத்துக்கு அடியில காத்துக்கிட்டு இருக்காங்க. நான் போகலைன்னா மை கிடைக்கலைன்னு நினைக்கமாட்டாங்க, வித்துட்டான்னு நினைப்பாங்க. அப்புறம் இன்னொரு தடவை எவன் கை தூக்குவான்? இந்த நாட்டுல தலைவர்னா எழுந்திருக்காம உட்கார்ந்திருக்கறவருன்னுதான் எல்லாருக்கும் தெரியும். போனவ திரும்பி வந்து, இல்லைன்னாவது சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "தாவுதியும் அங்கதான் இருக்கான். லாரி ராத்திரிதான் திரும்பும். நடந்துதான் போகணும். ஒண்ணு பண்ணு. ரவுண்டானா வரைக்கும் என்கூட நடந்து வா. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. வெளிநாட்டுக்காரிகூட வர்ற வேலைக்காரியை நிறுத்த மாட்டாங்க, விரலைக் கேக்கமாட்டாங்க. அந்தப் பக்கம் விட்டுட்டுத் திரும்பிடு. பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம். நாலு கடை, ஒரு வளைவு, லாரி நிற்கிற மரம். போகலாம். போய்விட்டு வரலாம். செருப்பு வாசலில்தான் இருக்கிறது. நைட்டியோடா, ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டால் போதும். போய்விடலாம் என்றுதான் காலும் நினைத்தது. ஆனால் இடுப்பிலிருந்த குழந்தை தலையைத் திருப்பி வலது கன்னத்தைக் காட்டியது, கறுப்பாக, தெளிவாக, வெயிலில் இன்னும் கறுக்கும், எச்சில் தொட்டு ஒருத்தன் துடைத்துப் பார்ப்பான், போகாது, ஏய் இது எங்கே கிடைத்தது என்பான், குழந்தையை இப்படிக் கொடு என்பான், கொடு என்பான். விட்டுவிடுவான். விடவில்லையென்றால். குழந்தையை இங்கே படுக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் போனால். கதவைப் பூட்டிவிட்டு. தான் திரும்பவில்லையென்றால் பூட்டின வீட்டுக்குள் குழந்தை. ஜூமாவிடம் சாவியைக் கொடுத்தால். ஜூமா யார் பக்கம். யார் யார் பக்கம். வாய் திறந்தது, என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாமல்.

"தண்ணி ஆறிடும்" என்றாள்.

ரெஹெமா அவளைப் பார்த்தாள். பிறகு பக்கெட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை விட்டுப் பார்த்தாள்.

"இல்ல. இப்போதான் சரியா இருக்கு. ஊத்து."

எழுந்தாள். ஆதிரையின் உள்ளங்காலில் ஒரு முத்தம் வைத்தாள். கதவு மூடுகிற சத்தமும், படியிறங்குகிற சத்தமும், ஜூமா ஏதோ கேட்கிற குரலும், கேட்டின் கிறீச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிந்தன.

பால்கனிக்குப் போகலாம். போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள், நைட்டியைச் சுருட்டினாள், காலை நீட்டினாள், குழந்தையைக் கிடத்தினாள். இடது கையால் நெற்றியில் அணை கட்டி, வலது கையால் ஊற்றினாள். இதமாக இருந்தது தண்ணீர், இவ்வளவு சரியான சூடு அவளுக்கு என்றைக்கும் வாய்த்ததில்லை, குழந்தை அழவே இல்லை, கண்ணை அகலத் திறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இப்போது கடைகளைத் தாண்டியிருப்பாள். இப்போது வளைவு. மரம். பயத்தமாவைக் குழைத்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள், வட்டமாக, மெல்ல, கொஞ்சம் அழுத்தி, இன்னும் கொஞ்சம் அழுத்தி. கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே விசில் கேட்டது. ஒன்று. நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தினால் என்ன, சனிக்கிழமையும்தான் நிறுத்தினார்கள், விட்டுவிட்டார்களே, விட்டுவிட்டால் அப்புறம் ஒன்றும் கேட்காது. கை தானாகப் போய்க் குழாயைத் திருகியது, முழுசாக, பக்கெட்டில் தண்ணீர் இடியாக விழுந்தது. சொம்பை எடுத்து ஊற்றினாள். மறுபடி மொண்டு ஊற்றினாள். மாவெல்லாம் எப்போதோ போய்விட்டது, பச்சைத் தண்ணீர் கலந்து வெந்நீர் சில்லிட்டுவிட்டது, குழந்தை நடுங்கி வீறிட்டு அழ ஆரம்பித்தது. அழட்டும். இன்னும் சத்தமாக அழட்டும். நிறுத்தினால் இரண்டாவது கேட்டுவிடும் என்று அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.